பட்டா நிலத்தில் உண்ணிச்செடி, சீகை, மஞ்சள் கொன்றை: அகற்ற வேண்டியது யார்? நீலகிரி நிலக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் அரை ஏக்கர் டீ வைத்திருப்பவர், கூடலூரில் காபியும் மிளகும் போட்டிருப்பவர், ஊட்டியில் மனை வாங்கிப் போட்டுவிட்டுக் கோவையில் குடியிருப்பவர் என எல்லோருமே களையைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நீலகிரியை மனதில் வைத்து எழுதியவை என்றாலும் பெரும்பாலும் கொடைக்கானல் பக்கத்துக்கும் பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களையை எடு என்று நம்மைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே மெலிந்து கிடக்கிறது. தவறாக எடுத்தால் பிடிக்கும் சட்டங்கள் கெட்டியாக இருக்கின்றன. இது தெரியாமல் பலர் பயந்துகொண்டு ஒன்றுமே செய்வதில்லை. சிலர் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிட்டு வனத்துறை வாசலில் நிற்கிறார்கள். இரண்டுமே மலைக்குக் கேடு.

என் நிலத்தில் உண்ணிச்செடி (லாண்டானா) மண்டிக் கிடக்கிறது. அதுவே குற்றமா?

இல்லை. செடி முளைத்துக் கிடக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் உங்கள் மீது வழக்குப் போட முடியாது. அரசு அதை ஒரு குறிப்பிட்ட பகுதியில் தீங்கு செய்யும் களை என்று அறிவித்த பிறகுதான் நிலக்காரருக்குச் சட்டப்படியான கடமை பிறக்கிறது.

அப்படி அறிவிக்கிற சட்டம் எது?

1919-ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம். வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. தமிழ்நாடு என்று பெயர் மாற்றத்தோடு வந்துகொண்டிருக்கிறது. பெயரில் பூச்சியும் நோயும் மட்டும் இருப்பதால் களைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே படித்தால் பூச்சி, பயிர் நோய், தீங்கு செய்யும் களை மூன்றுமே இருக்கின்றன.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு களை ஒரு வட்டாரத்தில் பயிருக்கோ மரத்துக்கோ சேதம் செய்கிறது, அதை ஒழிக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றினால் அரசிதழில் அறிவிப்பு வெளியிடும். எந்தக் களை, எந்தப் பகுதி, என்ன நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். அறிவிப்பு வந்ததும் அந்தப் பகுதியில் நிலத்தை அனுபவிக்கிற ஒவ்வொருவரும் அந்த நடவடிக்கையை எடுத்தே ஆக வேண்டும். அதிகாரி தகவல் கொடுத்துவிட்டு நிலத்துக்குள் வந்து பார்க்கலாம். வேலை நடக்கவில்லை என்றால் நோட்டீஸ் கொடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் அரசே ஆள் வைத்து வேலையை முடித்து, செலவை நில வரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம்.

கடைசியில் சொன்னதுதான் இந்தச் சட்டத்தின் உண்மையான பல். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள்கூட வருவாய்த்துறை வசூலுக்கு யோசிப்பார்கள்.

நூறு வருடத்துச் சட்டத்தை யார் பயன்படுத்தினார்கள்?

நம் மலையில்தான் பயன்படுத்தினார்கள். சீகை (வாட்டில்) மரத்தைத் தாக்கும் பஞ்சு போன்ற ஒரு செதில் பூச்சி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரவியபோது, 1943-இல் அன்றைய சென்னை அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. மலையிலிருந்து செடிகள் வழியாக அது கீழே இறங்கிவிடக் கூடாது என்று நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலும் கூடலூரிலும், கொடைக்கானலுக்குச் செண்பகனூரிலும் சோதனைச் சாவடி வைத்தார்கள். அன்றைக்குப் பூச்சியிடமிருந்து காப்பாற்றிய சீகையைத்தான் இன்றைக்குச் சோலையையும் புல்வெளியையும் விழுங்கும் களை என்கிறோம்.

உருளைக்கிழங்கையும் சொல்ல வேண்டும். தங்க நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. ஊட்டிக் கிழங்கு விவசாயிகளுக்கு இந்தத் தடை என்ன செய்தது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அரசு நினைத்தால் இந்த வகைச் சட்டம் எவ்வளவு தூரம் நம் வயலுக்குள் வரும் என்பதற்கு இது போதும்.

களையில் அக்கம்பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் கர்நாடகம். அங்கே இதே மாதிரியான மாநிலச் சட்டத்தின் கீழ் 1975-இல் பார்த்தீனியத்தைத் தீங்கு செய்யும் களையாக அறிவித்தார்கள். அறிவித்த பிறகும் பார்த்தீனியம் அங்கே ஒழியவில்லை. அறிவிப்பு மட்டும் போதாது, பின்னால் ஆளும் பணமும் வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

என் தாலுகாவில் அறிவிப்பு நடப்பில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீலகிரியில் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் செய்யாதீர்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது?

பதற வேண்டாம், கிழித்தும் போட வேண்டாம். மூன்று விஷயத்தைப் பாருங்கள்: எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்திருக்கிறார்கள், சர்வே எண் உங்களுடையதுதானா, கெடு எவ்வளவு. நோட்டீஸ் தவறு என்றால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. சரி என்றால் வேலையைத் தொடங்கிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தொடங்கிவிட்டேன், இத்தனை நாள் கூடுதலாக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மழை பெய்து நடக்க முடியாத சரிவு, கூலி ஆள் கிடைக்காத பறிப்புக் காலம் போன்ற காரணங்களை எழுத்தில் கொடுத்தால் பரிசீலிப்பார்கள். கெடு முடிந்த பிறகு வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியிலிருந்து வரும் நோட்டீஸ் வேறு வகை. ஊருக்குள் இருக்கும் மனை புதர் மண்டிப் பாம்புக்கும் பன்றிக்கும் இடமாகி, அக்கம்பக்கத்தாரின் சுகாதாரத்துக்குக் கேடானால் சுத்தம் செய்யச் சொல்லும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு. இதற்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை.

நிலம் என்னுடையது, குத்தகைக்கு விட்டிருக்கிறேன். பொறுப்பு யாருக்கு?

1919 சட்டம் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. நிலத்தை அனுபவிக்கும் உரிமை உள்ளவர், அவருடைய முகவர், நேரில் அனுபவிப்பவர் எல்லோரையும் கணக்கில் எடுக்கிறது. ஆகவே குத்தகைதாரருக்கும் நோட்டீஸ் வரலாம், எஸ்டேட் மேனேஜருக்கும் வரலாம். குத்தகைப் பத்திரம் எழுதும்போதே களையெடுப்பு யார் செலவு, சீகைக் கன்று வந்தால் யார் பிடுங்குவது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். நம் ஊர்க் குத்தகை பாதிக்கு மேல் வாய்ப்பேச்சு. அங்கேதான் சண்டை வருகிறது.

எந்தச் செடிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

இடத்தைப் பொறுத்து மாறும். ஊட்டி, அவலாஞ்சி, பார்சன்ஸ் பள்ளத்தாக்கு என உயரமான பகுதிகளில் சீகையோடு கூட, மஞ்சளாகப் பூக்கும் முட்புதரான கோர்ஸும், முள் இல்லாமல் துடைப்பக்குச்சி மாதிரி நிற்கும் ஸ்காட்ச் புரூமும். இரண்டும் வெள்ளைக்காரர் வேலிக்கும் அழகுக்கும் கொண்டுவந்தவை. கோர்ஸ் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். செடியில் எண்ணெய் இருப்பதால் பச்சையாகவே பற்றி எரியும்.

குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் உண்ணிச்செடி, ஓடைக்கரை ஈரத்தில் வெள்ளைப் பூவோடு அடர்ந்து நிற்கும் கிராஃப்டன் களை, ஆரஞ்சுப் பூக்கொத்துள்ள செஸ்ட்ரம். கூடலூர், பந்தலூரில் மழை அதிகம், அங்கே கொடியாகப் படர்ந்து டீயையும் காபியையும் மூடிவிடும் மிகானியா. முதுமலை, மசினகுடிப் பக்கம் உண்ணிச்செடியும், சென்னா என்ற அயல் மரமான மஞ்சள் கொன்றையும். மலைக்குக் கீழே சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதர் எல்லாமே களை என்று ஆட்களிடம் விட்டுவிடாதீர்கள். குறிஞ்சியும் புதர்தான். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடி, பூ இல்லாத காலத்தில் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். கொடைக்கானலில் 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் உள்ள வருடங்களில்தான் அதைக் களை என்று வெட்டிவிடுகிறார்கள். தவிட்டுப்பழச் செடி, ஊசிக்கலா இவையும் மலையின் சொந்தச் செடிகள். வெட்டத் தொடங்கும் முன், செடி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் நிற்க வேண்டியவற்றில் துணி கட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்காகப் படுகர், தோடர், குறும்பர், பணியர் ஊர்களில் உள்ள பெரியவர்களைக் கேட்பது எந்தப் புத்தகத்தையும்விட மேல்.

சீகையும் களைதானே, என் பட்டா நிலத்தில் நானே வெட்டலாமா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். களை என்று நாம் நினைப்பது வேறு, சட்டம் மரம் என்று பார்ப்பது வேறு.

1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் பொருந்தும். பட்டா நிலமாகவே இருந்தாலும் மரம் வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். நிலம் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றினால் 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள். இதற்கெல்லாம் மேலே, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் போட்ட உத்தரவு: பதிவேட்டில் யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான் என்றது. அந்த வழக்கே கூடலூர்ப் பகுதிக் காடுகளை வெட்டியதிலிருந்து தொடங்கியது.

ஆகவே சீகை, கற்பூரம் (யூகலிப்டஸ்), சில்வர் ஓக் எதுவானாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். நில ஆவணம், சர்வே வரைபடம், மரங்களின் எண்ணிக்கை, சுற்றளவு எல்லாம் கொடுத்து மனுப் போட வேண்டியிருக்கும். அடிமரத்தைச் சுற்றிப் பட்டை உரித்து நிற்கவிட்டால் வெட்டிய கணக்கில் வராது என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். நம்பாதீர்கள். மரத்தைச் சாகடிப்பதும் அழிப்பதுதான்.

கன்றுகள் விஷயம் வேறு. டீக்குள்ளும் புல்லுக்குள்ளும் கையால் பிடுங்கும் அளவில் முளைத்திருக்கும் சீகைக் கன்றை அவ்வப்போது பிடுங்குவது சாதாரணக் களையெடுப்பு. உண்மையான போராட்டமும் அங்கேதான். மரத்தை வெட்டியதும் வெயில் பட்டு, மண்ணில் பல வருடமாகக் கிடந்த விதை எல்லாம் ஒரே மழையில் பாய் விரித்த மாதிரி முளைக்கும். பெரிய மரத்தை வெட்டிக் காசாக்கிவிட்டுக் கன்றைக் கவனிக்காமல் விடுபவர், இருந்ததைவிட மோசமான நிலத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்.

சீகையை முழுவதுமாக எடுத்தே ஆக வேண்டுமா?

புல்வெளியில் என்றால் ஆம், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பழைய சீகைத் தோப்பில் அவசரப்பட வேண்டாம். பழனி மலையில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையினர் நீண்ட காலம் கவனித்துச் சொன்ன விஷயம்: பல இடங்களில் சீகை, கற்பூர நிழலுக்குக் கீழே சோலை மரக் கன்றுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கின்றன. அந்த இடத்தை மொட்டையடித்தால் கன்றும் போகும், மண்ணும் போகும். உங்கள் தோப்புக்குள் போய்க் குனிந்து தரையைப் பாருங்கள். கீழே நாவல் வகைக் கன்றுகளும் சோலைச் செடிகளும் இருந்தால் மேலே இருக்கும் மரத்தைச் சில வருடம் குடையாக விட்டுவைப்பதே நல்லது. குழுவிடம் மனுப் போடும்போதும், ஒரேயடியாக வெட்டாமல் படிப்படியாக எடுத்து உள்ளூர்க் கன்று நடப்போகிறேன் என்று திட்டத்தோடு போனால் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

மஞ்சள் கொன்றைக்கும் இதே விதியா?

அதுவும் மரம்தான், அதே விதிதான். முதுமலையில் வனத்துறையே இதை அகற்றும் வேலையை எடுத்து, தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குக் கூழ்மரமாகக் கொடுக்கிறது. வெட்டினால் மட்டும் சாகாது, அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அதிகமாகத் துளிர்க்கும். அனுமதி பெற்ற பிறகு, மார்பு உயரத்திலிருந்து தரை வரை பட்டையை முழுவதும் உரித்து, வரும் துளிரைத் திரும்பத் திரும்பக் கிள்ளுவதே பயன் தரும். சாலையோர அழகுக்காக இதை நட்டவர்கள் இருக்கிறார்கள். பூ பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தயவுசெய்து இனி நடாதீர்கள்.

சீமைக் கருவேலத்தை நிலக்காரரே அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதே, அது எங்களுக்கும் பொருந்துமா?

2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தன் எல்லைக்குட்பட்ட 13 தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. தனியார் நிலக்காரர்களும் அகற்ற வேண்டும், இல்லையென்றால் அரசே அகற்றிச் செலவை வசூலிக்கும் என்றது. திண்டுக்கல் மாவட்டம் அந்தப் பட்டியலில் வரும் என்பதால் பழனி மலை அடிவாரத்துக்காரர்கள் கொஞ்சம் கலங்கினார்கள். அதே ஆண்டு அந்த நடவடிக்கைக்கு உயர் நீதிமன்றமே இடைக்காலத் தடை போட்டது. நீலகிரி அந்த 13 மாவட்டங்களில் இல்லை. அந்தப் பழைய உத்தரவைக் காட்டி உங்களை யாராவது மிரட்டினால் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

புதிதாகச் சட்டம் ஏதாவது வந்திருக்கிறதா?

இரண்டு. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளும் அதற்குத் தூண்டுதல். அது கொள்கை, தனியாருக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் இல்லை.

மற்றொன்று மத்திய அரசுடையது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 62ஏ என்ற பிரிவு சேர்ந்திருக்கிறது. வனவிலங்குக்கோ அதன் வாழிடத்துக்கோ கேடு செய்யும் அயல் இனங்களை இறக்குமதி செய்வது, விற்பது, வைத்திருப்பது, பெருக்குவது ஆகியவற்றை முறைப்படுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. நர்சரி வைத்திருப்பவர்களும் ரிசார்ட்டுக்குத் தோட்டம் போடுபவர்களும் இந்தப் பிரிவின் கீழ் வரும் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பக்கத்து நிலத்துக்காரர் எடுக்கவே மாட்டேன் என்கிறார். அங்கிருந்துதான் எனக்கு வருகிறது. என்ன செய்யலாம்?

முதலில் பேசுங்கள், அதுவும் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு. எல்லையில் ஒரு பத்தடிப் பட்டையை இருவரும் சேர்ந்து சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், கூலியில் பாதி நான் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வழக்குச் செலவைவிட அது குறைவு.

சட்டப்படி உங்கள் பக்கம் நீண்ட கிளையையும் கொடியையும் உங்கள் நிலத்தில் நின்றபடி எல்லை வரை வெட்டலாம். அவர் நிலத்துக்குள் கால் வைத்தால் நீங்கள் அத்துமீறியவர் ஆகிவிடுவீர்கள். புதர் பொதுப்பாதையை அடைத்தாலோ, மரம் ஆட்கள் மேல் விழும் நிலையில் இருந்தாலோ வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. இடைஞ்சலை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அதில் உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் இடையூறு என்று வழக்குப் போடலாம், ஆனால் பறவை கொண்டுவந்து போட்ட உண்ணி விதை அவர் நிலத்துடையதுதான் என்று நிரூபிப்பது கடினம். வக்கீலிடம் போவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் யாரென்றே தெரியாத காலி நிலம் என்றால்?

சர்வே எண் தெரிந்தால் பட்டா விவரத்தை அரசின் நில இணையதளத்தில் பார்க்கலாம். இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். ஊருக்கு நடுவில் இப்படிக் கிடக்கும் புதர்களில் சிறுத்தையும் கரடியும் பகலில் படுத்துக் கிடக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் பாதையை ஒட்டி அப்படி ஒரு நிலம் இருந்தால் ஊராட்சிக்கும் வனச்சரகருக்கும் ஒரே நேரத்தில் மனுக் கொடுங்கள். இதில் தள்ளிப்போடாதீர்கள்.

காட்டிலிருந்தே எங்கள் நிலத்துக்கு உண்ணிச்செடி வருகிறது. வனத்துறையைக் கேட்க முடியாதா?

கேட்கலாம், கேட்க வேண்டும். மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்தால் பதில் பதிவாகும். ஒருவராகப் போவதைவிட எல்லை நிலக்காரர்கள் சேர்ந்து, காட்டெல்லை ஓரம் ஒரு பட்டையைச் சுத்தம் செய்து தரச் சொல்லிக் கேட்பது பலிக்கும். நீங்களே எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் வெட்டினால், நல்லெண்ணமே ஆனாலும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். முதுமலை, முக்குருத்தி, 2013-இல் அறிவித்த கொடைக்கானல் சரணாலயம் போன்ற இடங்களில் இன்னும் கடுமை.

எங்களுடையது பிரிவு 17 நிலம். நாங்கள் என்ன செய்வது?

கூடலூர், பந்தலூரில் 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிக் கிடக்கும் நிலங்களில் பட்டா இல்லாமல் தலைமுறையாக வாழ்பவர்களின் வேதனை பெரியது, அதை இங்கே சொல்லி முடியாது. களையைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: ஏற்கெனவே பயிர் செய்யும் இடத்துக்குள் களையெடுங்கள். புதர் மண்டிய புது இடத்தைச் சுத்தம் செய்தால் அதை ஆக்கிரமிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். மரத்தைத் தொடவே வேண்டாம்.

மருந்து அடிக்கலாமா?

2022 அக்டோபரில் மத்திய அரசு கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. டீ வைத்திருப்பவர்கள் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு நெறிமுறையில் இல்லாத மருந்தைத் தொடக் கூடாது. எச்சம் இருந்தால் ஃபேக்டரியில் இலை நிற்காது. என் வேண்டுகோள், ஓடைக்கும் ஊற்றுக்கும் அருகில் எந்த மருந்தும் வேண்டாம். நம் சரிவில் அடித்தது கீழூர்க் குடிதண்ணீரில்தான் போய்ச் சேரும். பவானியும் மோயாறும் இங்கிருந்துதான் ஓடுகின்றன.

தீ வைத்துவிட்டால்?

கூடாது. காட்டுக்குப் பரவினால் வனச்சட்டக் குற்றம். அதைவிட, சீகை விதையும் கோர்ஸ் விதையும் சூடு பட்டால் அதிகமாக முளைக்கும்.

ஜேசிபி வைத்து ஒரே நாளில் எடுக்கலாமா?

மலையில் மண் அள்ளும் பெரிய இயந்திரத்தை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நீலகிரியில் மண்சரிவு எப்படி இருக்கும் என்பதை 2009 நவம்பரில் பார்த்தோம். வேரோடு புரட்டிப்போட்ட சரிவில் அடுத்த மழை பெய்தால் கீழே இருப்பவர் வீடு போகும். அப்போது பொறுப்பு உங்களுடையது.

அப்படியென்றால் உண்ணிச்செடியை எப்படித்தான் எடுப்பது?

கையால், மண்வெட்டியால், பொறுமையாக. தரைக்கு மேலே அரிவாளால் வெட்டினால் நாலு மடங்கு துளிர்க்கும். தூரைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர் வானம் பார்த்துக் காய்ந்தால் மறுபடி பிடிக்காது. நிலத்தை அதிகம் கிளறாததால் மண்ணும் நகராது.

மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போதும், காய் பழுக்கும் முன்பும் செய்வது நல்லது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் வடகிழக்கு என்பதால் மாதம் மாறும். சரிவு நிலத்தில் மேலிருந்து கீழாக வெட்டாமல், குறுக்கே பட்டை பட்டையாக, ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை எடுங்கள். எடுத்த இடத்தில் உடனே புல்லோ உள்ளூர்க் கன்றோ வேண்டும். உண்ணிச்செடி வெயிலைத் தேடும் செடி, நிழல் கூடினால் தானாகவே மெலியும். அப்புறம் குறைந்தது மூன்று வருடம், மழைக்குப் பிறகு ஒரு சுற்று போய்க் கன்று பிடுங்க வேண்டும். சின்னான் உட்காரும் மரத்தடியில் முதலில் பாருங்கள், பழம் தின்ற பறவை விதையை அங்கேதான் போடும்.

வெட்டிய தழையை மாட்டுக்குப் போடாதீர்கள். ஈரலைக் கெடுத்து, வெயில் பட்டால் தோல் வெந்துபோகும்.

பூச்சியை விட்டு அழிக்க முடியாதா?

கொஞ்சம் முடிந்திருக்கிறது. சப்பாத்திக்கள்ளியை 1920-களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதில் பூச்சி தென்னிந்தியாவில் அடக்கியது. கிராஃப்டன் களைக்கு 1963-இல் நீலகிரியிலேயே ஒரு முடிச்சு ஈயை விட்டார்கள். பார்த்தீனியத்துக்கு மெக்சிகோ வண்டு 1980-களில் வந்தது. உண்ணிச்செடிக்குப் பல பூச்சிகளை முயன்றும் பெரிய பலன் இல்லை. அயல் பூச்சியை விடுவது அரசு அனுமதியோடு ஆராய்ச்சி நிலையங்கள் செய்கிற வேலை, நிலக்காரர் செய்யக் கூடாது.

வெட்டிய உண்ணிச்செடியை விற்கலாமா?

உங்கள் நிலத்துடையது என்றால் தாராளமாக. தண்டை வேகவைத்து உரித்தால் பிரம்பு மாதிரி வளையும், நாற்காலி, கூடை செய்வார்கள். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டால் செய்த நிஜ அளவு யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. ஒரு களையால் பணியர், பெட்டக்குறும்பர் வீடுகளுக்கு வருமானம் வருகிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. உங்களிடம் நல்ல தடிமனான தண்டு இருந்தால் எரிக்கும் முன் அவர்களைக் கேளுங்கள். சீகை, மஞ்சள் கொன்றை மரத்துக்கு மட்டும் போக்குவரத்து அனுமதி பற்றி முன்பு சொன்னது பொருந்தும்.

நிலம் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவர் காட்டும் பட்டாவோடு, நிலம் தனியார் காடாக அறிவிக்கப்பட்டதா, பிரிவு 17-இல் வருகிறதா, களை தொடர்பான நோட்டீஸோ வருவாய் பாக்கியோ நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சீகை அடர்ந்த நிலத்தைக் காட்டி, வெட்டிவிட்டு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால், அந்த அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.